நடவு மாதத்தில் வருகைக் குறைவு

நடவு மாதங்களில் தையல் டிப்ளமோ மாணவர் வருகை குறைகிறது, என்ன செய்வது என்று கேட்டீர்கள். காலை வகுப்பைப் பிற்பகலுக்கு மாற்றுங்கள். அபராதமும் பெற்றோர் கூட்டமும் இதற்கு உதவாது.

புரட்டாசி, ஐப்பசியில் மட்டும் வருகை பாதியாகிறது என்கிறீர்கள். அது சம்பா நெல் நடவுக் காலம். விடியலில் வயலில் இறங்குபவர்களுக்கு மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். அந்தக் கூலியை விட்டுவிட்டு வா என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை.

முதலில் வருகைப் பதிவேட்டை ஊர்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். திருத்துறைப்பூண்டி போன்ற கடைமடைப் பக்கம், அதாவது பாசனக் கால்வாய் முடியும் பகுதியில், தண்ணீர் பிந்தித்தான் வரும். நேரடி விதைப்பு செய்த ஊரில் நடவே இருக்காது, களையெடுப்புதான். இப்படி வயல் வேலை ஊருக்கு ஊர் மாறும். ஆகவே எல்லா ஊரிலும் ஒரே வாரத்தில் வருகை சரிந்திருந்தால் காரணம் வயலாக இருக்க வாய்ப்பு குறைவு. பேருந்தையோ கட்டணத் தவணையையோ விசாரியுங்கள்.

வகுப்பு நேரத்தை மாற்றும்போது செய்முறை வகுப்பை 2 மணி முதல் 5 மணி வரை ஒரே தொடராக வையுங்கள். துணி வெட்டித் தைத்து முடிக்க 1 மணி நேர வகுப்பு எப்படியும் போதாது. கோட்பாட்டுப் பாடத்தை நடவுக்கு முன்பே, ஆடியில் கூடுதலாக நடத்திவிடலாம்.

ஒன்று கவனம்: மொத்தப் பயிற்சி மணி குறையக்கூடாது. புதிய அட்டவணைக்கு உங்கள் படிப்புக்கு இணைப்பு தந்த பல்கலைக்கழகத்தின் எழுத்து ஒப்புதல் வாங்கிய பிறகே தொடங்குங்கள். கடைசிப் பேருந்து நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.