எம்பிராய்டரிக்கு எந்த டிசைன் சாஃப்ட்வேர் வாங்கலாம்? பனியன் லோகோ, தொப்பி, பிளவுஸ் எல்லாவற்றுக்கும் ஒன்றே போதுமா?

வில்காம் போன்ற பெரிய சாஃப்ட்வேர் இருந்தால் எல்லா வேலையும் செய்யலாம். ஆனால் உங்கள் வேலைக்கு எந்த வசதி வேண்டும் என்று தெரியாமல் வாங்கினால், தொடவே போகாத மெனுக்களுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவீர்கள். அதனால் வேலையை முதலில் முடிவு செய்யுங்கள்.

திருப்பூர் பாணி ஏற்றுமதி லோகோ வேலை என்றால், பஞ்சிங்கில், அதாவது படத்தைத் தையலாக மாற்றும் வேலையில், ஒவ்வொரு அளவையும் கையால் மாற்ற முடிகிற பதிப்புதான் வேண்டும். படத்தைப் போட்டால் தானே தையலாக்கும் ஆட்டோ டிஜிட்டைசிங்கை நம்பி ஆர்டர் எடுக்காதீர்கள். பனியன் துணி, தையல் ஓடும் திசையில் உள்ளே இழுக்கும்; அதற்குக் குறுக்கே வெளியே தள்ளும். திரையில் சரியான வட்டமாகத் தெரியும் ஆங்கில 'ஓ' துணியில் நீள்வட்டமாகிவிடும். தையலைச் சற்று நீட்டி இதைச் சரிக்கட்டும் 'புல் காம்பென்சேஷன்' நெய்த துணிக்கு 0.2 மி.மீ. அளவில் போதும், பனியன் துணிக்கு 0.35 முதல் 0.4 வரை வைத்து சேம்பிள் போட்டுப் பாருங்கள்.

தையலுக்கு நடுவே துணி தெரிந்தால் பலர் உடனே டென்சிட்டியைக் கூட்டுகிறார்கள், அதாவது தையல் வரிசைகளை நெருக்குகிறார்கள். 40-ஆம் நம்பர் நூலுக்கு 0.4 மி.மீ. இடைவெளியே பொதுவான அளவு. 0.3-க்கு இறக்கினால் லோகோ அட்டை மாதிரி விறைக்கும், நூல் அறும், ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்திப் பனியனில் ஓட்டை விழும். குறை பெரும்பாலும் அடித்தையலில், அதாவது அண்டர்லேயில் இருக்கும். ஓரத்தை ஒட்டி ஒரு எட்ஜ் ரன், அதன் மேல் தளர்வான ஜிக்ஜாக் கொடுத்து, துணிக்குக் கீழே வெட்டியெடுக்கும் வகை (கட்அவே) பேப்பரை வையுங்கள். டென்சிட்டியைத் தொடாமலே மேல் தையல் நிமிர்ந்து நிற்கும்.

இந்தத் துறையில் லாபம் போகும் வழி ஒன்று உண்டு: தேவையில்லாத டிரிம். ஒவ்வொரு டிரிம்முக்கும் மெஷின் நின்று, நூலை வெட்டி, மறுபடி வேகமெடுக்க ஏறக்குறைய 6 விநாடி என்று வையுங்கள். ஒரே நேரத்தில் 20 பீஸ் தைக்கும் 20 ஹெட் மெஷினில் 10,000 பீஸ் ஆர்டர் என்றால் 500 ஓட்டம். டிசைனில் 10 டிரிம் கூடுதலாக இருந்தால் ஓட்டத்துக்கு 1 நிமிடம், மொத்தம் 500 நிமிடம். ஒரு ஷிஃப்டே போய்விடும். பஞ்சிங் செய்பவர் எழுத்துகளின் வரிசையையும் தொடங்கும், முடியும் புள்ளிகளையும் யோசித்து வைத்தாலே இதில் பெரும்பகுதி மிச்சம்.

தொப்பிக்கு அளவைவிட வரிசைதான் முக்கியம். கீழிருந்து மேலாக, நடுவிலிருந்து இரு பக்கமும் தைக்க வேண்டும். இடமிருந்து வலமாக ஓட்டினால் துணி ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே போய்க் கடைசி எழுத்து கோணும். ஃபோம் வைத்து எழுப்பும் வேலையில் சாட்டின் தையலின் (எழுத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்வரும் தையல்) இடைவெளியை 0.2 மி.மீ. அளவுக்கு நெருக்கி, எழுத்தின் திறந்த முனைகளையும் தையலால் மூட வேண்டும். இல்லையென்றால் ஃபோம் வெளியே எட்டிப் பார்க்கும்.

பிளவுஸ், சேலை வேலைக்கு வேறு கவலைகள். ஜரிகை நூல் குட்டைத் தையலில் அறுந்துகொண்டே இருக்கும். தையல் நீளத்தைக் கூட்டுங்கள், இடைவெளியைத் தளர்த்துங்கள், மெஷின் வேகத்தைக் குறையுங்கள். சமிக்கி வைப்பதென்றால் சாஃப்ட்வேரில் அதற்கான வசதி உண்டா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். எல்லாப் பதிப்பிலும் அது வராது. மல்டிஹெட்டில் சேலை பார்டர் ஓட்டினால் டிசைனின் ரிப்பீட் நீளமும் (ஒரே டிசைன் மறுபடி வரும் தூரம்) ஹெட்டுகளின் இடைவெளியும் பொருந்த வேண்டும். 2 மி.மீ. தவறினாலும் ஒவ்வொரு இணைப்பிலும் கண்ணில் படும்.

பள்ளிச் சீருடை, கோயில் விழா டி-ஷர்ட் என்று தமிழில் பெயர் தைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சில சாஃப்ட்வேர்களில் தமிழை நேராக டைப் செய்தால் 'கொ' பிரிந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இன்க்ஸ்கேப்பிலோ கோரல் டிராவிலோ டைப் செய்து, எழுத்தை அவுட்லைனாக மாற்றி, அந்த வடிவத்தின் மேல் கையால் பஞ்சிங் செய்யுங்கள். 'ண', 'ணை' போன்றவற்றின் சுழிக்குள் 1 மி.மீ.க்குக் குறைவாக இடம் இருந்தால் தைத்தபின் அடைந்துவிடும். அங்கே எழுத்தின் தடிப்பைக் குறைக்கலாம். 40-ஐவிட மெல்லிய 60-ஆம் நம்பர் நூலும் மெல்லிய ஊசியும் போடலாம். அதற்கும் அடங்காவிட்டால் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி வாடிக்கையாளரிடம் பேசுவதே நேர்மை.

வீட்டு மெஷினுக்கு இன்க்ஸ்கேப்போடு சேர்ந்து ஓடும் இன்க்ஸ்டிட்ச் போதும். இலவசம், பிரதர் மெஷினுக்கான பிஇஎஸ், ஜானோம் மெஷினுக்கான ஜேஇஎஃப் என்ற இரண்டு ஃபைல் வகைகளும் தரும். ஃபைல் மெஷினில் தெரியவில்லை என்றால் முதலில் டிசைன் அளவைப் பாருங்கள். 100 மி.மீ. ஃபிரேம் மெஷினுக்கு 102 மி.மீ. டிசைன் கொடுத்தால் ஏற்காது.

எந்தத் துறையானாலும் மெஷினில் போடும் டிஎஸ்டி ஃபைலை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அதில் ஊசி இறங்கும் இடங்களும் நிறம் மாற்றும் கட்டளையும் இருக்கும். எந்த நிறம் என்பது இருக்காது. அதை அப்படியே 20 சதவீதம் பெரிதாக்கினால் தையல் எண்ணிக்கை மாறாது, 0.4 இடைவெளி 0.48 ஆகித் துணி தெரியும். பஞ்சிங்கை வெளியே கொடுப்பவர்கள், வில்காமில் செய்தால் இஎம்பி மூல ஃபைலையும் நிற வரிசைத் தாளையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் காசு கொடுக்க வேண்டும். வேலையைக் கொடுக்கும்போதே துணி வகை, முடிந்த அளவு மில்லிமீட்டரில், நூல் நம்பர், தொப்பியா தட்டையா, மெஷின் மாடல் ஐந்தையும் எழுதிக் கொடுங்கள்.