கூத்து ஜமாவுக்கும் நாடக மன்றத்துக்கும் நோட்டு எழுதுகிறவனிடம் கேட்டவை

திருவண்ணாமலை, செய்யாறு, விழுப்புரம் பக்கத்து ஜமாக்களுக்கும், அதாவது கூத்துக் குழுக்களுக்கும், நாடக மன்றங்களுக்கும் வரவு செலவு எழுதிக் கொடுப்பது, பதிவாளர் அலுவலகத்துக்குக் கூடப் போவது, ஊர்க் கமிட்டியோடு பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் இருபது வருடமாக என் பக்கத் தொழில். வேஷம் கட்டியதில்லை. பின்பாட்டுக்கு ஆள் வராத ஒரு ராத்திரி மட்டும் பின்னால் நின்று பாடினேன், அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. "காலம் மாறிப்போச்சு, நாங்கள் என்ன செய்வது" என்று ஆளாளுக்குக் கேட்டதால் கேள்விகளை மொத்தமாக வாங்கிக்கொண்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (வந்தவாசி பக்கத்து ஜமா நடிகர்): அண்ணா, பத்து மணிக்கு மைக்கை நிறுத்து என்கிறது போலீஸ். எங்கள் கூத்தோ விடிய விடிய. இரண்டு மணி நேரமாகச் சுருக்கிவிடலாமா?

சுருக்குவதற்கு முன்னால் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் வேண்டுமென்றே செய்கிறார் என்று பல ஊரில் நினைக்கிறார்கள். 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் வருடத்தில் 15 நாளுக்கு மேல் முடியாது. மைக் இல்லாமல் ஆடுகிறோம் என்றும் தப்பிக்க முடியாது, பின்னால் வந்த திருத்தத்தில் இசைக்கருவிகளையும் சேர்த்துவிட்டார்கள். பல ஊரில் கண்டுகொள்ளாமல் விடுவது வேறு விஷயம். ஒரே ஒருவர் போன் போட்டால் போதும், கர்ணன் பாதி வழியில் நிற்பான்.

ஆனால் எட்டு மணி நேரத்தை இரண்டாக நசுக்கினால் கதையை நடத்திக்கொண்டு போகிற கட்டியங்காரனும் போய்விடுவான், விருத்தப் பாட்டும் போய்விடும், கதைச் சுருக்கம்தான் மிஞ்சும். நான் பார்த்ததில் நன்றாக வந்தவை இரண்டு வழி. ஆறரைக்கே தொடங்கி, ஒரு கதையில் ஒரே ஒரு முடிச்சை எடுத்துக்கொண்டு அதை முழுசாக ஆடுவது. துகிலுரிதல் என்றால் சூதாட்டத்தில் ஆரம்பித்து சபதத்தோடு நிறுத்திவிடுவது. பாரதம் பத்து இருபது நாள் நடக்கிற ஊரில் ஒரு கதையை இரண்டு ராத்திரிக்குப் பிரித்துவிடுவது. எதை வெட்டினாலும் திரைக்குப் பின்னால் நின்று பாடி வேஷம் வெளிவருகிற அந்த நேரத்தில் கை வைக்காதீர்கள், ஜனங்கள் அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளிச்சத்தில் ஆடினால் கூத்து ஆகாது என்று ஜமாவை நடத்துகிற வாத்தியார்கள் சொல்வார்கள். துரியோதனன் சாகிற படுகளத்தை எப்போது ஆடுகிறோம்? மண்ணில் துரியோதனனைப் படுக்க வைத்துப் பட்டப்பகலில்தானே.

இன்னொன்று. நேரம் பாதி, அதனால் பணமும் பாதி என்று கமிட்டி கேட்கும். ஒப்புக்கொள்ளாதீர்கள். முகம் எழுதுகிற நேரம் குறையவில்லை, வேன் வாடகை குறையவில்லை, அன்றைக்கு வேறு ஊருக்கும் போக முடியாது.

கேள்வி (வாத்தியார் மகன், செய்யாறு): அப்பாவுக்கு 71 வயசு. ஜமா அவர் பேரில். எந்த ஊருக்கு எந்தத் தேதி, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ், எல்லாம் அவர் தலைக்குள்தான். நான் எடுத்து நடத்துகிறேன் என்றால் மூத்த நடிகர்கள் இரண்டு பேர் போய்விடுவேன் என்கிறார்கள்.

தம்பி, வந்த கேள்விகளிலேயே இதுதான் பெரிசு. ஜமா உடைவதற்குச் சினிமாவையும் டிவியையும் சொல்கிறோம், நான் கண்ணால் பார்த்த வரையில் பாதி ஜமாக்கள் உடைந்தது வாத்தியார் படுத்த வாரத்தில்தான்.

அவர் நன்றாக இருக்கும்போதே ஒரு பெரிய நோட்டு வாங்குங்கள். தினம் சாயங்காலம் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதுங்கள். தாம்பூலம் கொடுத்துக் கூத்துப் பேசி வைக்கிற ஊர்கள், அங்கே பேசுகிற ஆள் யார், போன வருடம் என்ன கொடுத்தார்கள், எந்த ஊரில் எந்தக் கதை நேர்த்திக்கடன். "கணக்குக் கேட்கிறாயா" என்று முதல் நாள் கோபம் வரும். கணக்கில் ஆரம்பிக்காமல் ஊர்க்கதையில் ஆரம்பித்தால் தானாகக் கணக்குக்கு வந்து சேருவார்.

அடுத்தது அட்வான்ஸ். சீசன் தொடங்கும் முன் நடிகருக்குக் கொடுத்துப் பிடித்து வைக்கிற பணம் வருடா வருடம் கழியாமல் சேர்ந்துகொண்டே போகும், ஒரு கட்டத்தில் யார் யாருக்குக் கடன் என்பதே தெரியாது. அந்த இரண்டு பேரும் போகிறேன் என்பதற்குக் காரணம் உங்கள் வயசு இல்லை என்று நினைக்கிறேன். அப்பா வாயால் சொன்னதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா என்ற பயம். மூன்று பேரும் உட்கார்ந்து பாக்கியை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கொஞ்சம் உங்களுக்கு நஷ்டமாக முடிந்தாலும் பரவாயில்லை.

கட்டை என்கிற மர அணிகள், கிரீடம், உடுப்புப் பெட்டிகள் குடும்பச் சொத்தா ஜமா சொத்தா என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். ஒரு ஜமாவில் அண்ணன் தம்பி தகராறில் பெட்டி ஒரு வீட்டிலும் மிருதங்கம் இன்னொரு வீட்டிலும் பூட்டிக் கிடந்து ஒரு சீசன் முழுக்க வீணாய்ப் போனது.

அப்பா வாத்தியாராகவே இருக்கட்டும். எந்த வேஷம் யாருக்கு என்பது அவர் வாக்கு. தேதி, பணம், வேன் மட்டும் உங்களிடமும் அந்த இரண்டு மூத்தவர்களில் ஒருவரிடமும் சேர்ந்து இருக்கட்டும். ஒரேயடியாகச் சாவியை வாங்கப் பார்க்காதீர்கள்.

கேள்வி (நாடக மன்றச் செயலாளர், திண்டிவனம்): 1998-இல் சங்கமாகப் பதிந்தோம். அதற்கப்புறம் ஒரு தாளும் தாக்கல் செய்யவில்லை. இப்போது மானியம் கேட்டால் பதிவு உயிரோடு இருக்கிறதா என்கிறார்கள்.

உங்களைப் போல ஏகப்பட்ட பேர். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் 7 பேர் சேர்ந்து பதிந்துவிட்டுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, கணக்கைத் தாக்கல் செய்து, நிர்வாகக் குழு மாறினால் படிவம் 7 கொடுத்தாக வேண்டும். முதலில் இருக்கிற உறுப்பினர்களைக் கூட்டி முறையாகப் புதுக் குழுவைத் தேர்ந்தெடுங்கள், பிறகு மாவட்டப் பதிவாளரிடம் போய் விட்டுப்போன வருடங்களுக்கு என்ன கட்ட வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். பழைய தேதி போட்டுப் புதிதாகத் தீர்மானப் புத்தகம் எழுதித் தர ஆள் இருக்கிறார், அவரிடம் போகாதீர்கள். இறந்துபோனவர் கையெழுத்து அதில் வந்துவிடும், நடந்திருக்கிறது.

பத்துப் பதினைந்து பேர் கொண்ட குடும்ப ஜமா என்றால் சங்கமே வேண்டியதில்லை என்பது என் கட்சி. 2007-இல் வந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் உறுப்பினர் ஆகிறார்கள், அதை முதலில் எல்லோருக்கும் போடுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): எங்கள் கூத்தை முழு ராத்திரியும் எடுத்து ஒருவர் யூடியூபில் போட்டு லட்சக்கணக்கில் பார்வை வாங்கிவிட்டார். எங்களுக்கு ஒரு ரூபாய் இல்லை.

பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகிறவருக்கு என்று தனி உரிமை இருக்கிறது, பிரிவு 38, 50 வருடம் வரைக்கும். கதை வியாசருடையதாக இருந்தாலும், பாட்டு யாருடையதாக இருந்தாலும், ஆடினது நீங்கள். உங்கள் அனுமதி இல்லாமல் பதிவு செய்து பரப்புவது தப்பு. ஆனால் எடுத்தவுடனே புகார் கொடுக்காதீர்கள். எடுக்கிற பையன்களில் பாதிப் பேர் கூத்துப் பைத்தியம் பிடித்தவர்கள், ஊர் ஊராக பைக்கில் வருகிறவர்கள். கூப்பிட்டுப் பேசி, ஜமா பெயரும் போன் நம்பரும் மேலே போடு, வருகிற பணத்தில் பங்கு கொடு, முழுக் கூத்தை நீக்கிவிட்டு ஒரு மணி நேரம் மட்டும் வை என்று சொல்லிப் பாருங்கள். மசியவில்லை என்றால் யூடியூபிலேயே புகார் கொடுக்க வழி இருக்கிறது. இனிமேல் தாம்பூலம் வாங்கும்போதே வீடியோ யார் எடுப்பது என்று கமிட்டியோடு எழுதிக்கொள்ளுங்கள்.

சொந்தமாகச் சேனல் வைக்கலாமா என்று கூடவே கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம். நடுவில் சினிமா மெட்டு வாசித்திருந்தால் அந்த வருமானம் பாட்டு கம்பெனிக்குப் போய்விடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (போளூர்): சென்னையில் ஒரு நிகழ்ச்சி நிறுவனம் ஜிஎஸ்டி பில் கொடு என்கிறது.

நாட்டுப்புற, செவ்வியல் கலை நிகழ்ச்சிக்குக் கலைஞர் வாங்கும் தொகை 1,50,000 ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி கிடையாது. வருட வரவு 20 லட்சத்துக்குள் என்றால் பதிவும் தேவையில்லை. சாதாரண ரசீது போதும். டிடிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடித்தார்கள் என்றால் சான்றிதழ் வாங்கி வைத்துக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்குங்கள், நம் ஆட்கள் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி (கூத்து கற்கும் பெண், காஞ்சிபுரம் மாவட்டம்): அண்ணா, மூன்று வருடமாகக் கற்றேன். பெண் வேஷத்துக்குக்கூட ஆண்களைத்தான் போடுகிறார்கள். "பரம்பரை வழக்கம்" என்கிறார்கள்.

உங்கள் மாவட்டத்திலேயே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் பையன்களும் பெண்களும் சேர்ந்தே படித்தார்கள், 2002-இலிருந்து 2020 வரை. அங்கே பெண்கள் ஆண் வேஷமே கட்டி ஆடினார்கள். நாடக மேடையை எடுத்தால், கும்பகோணம் பாலாமணி அம்மாள் நூறு வருடத்துக்கு முன்பே பெண்களை வைத்துக் கம்பெனி நடத்தியவர். அதனால் வழக்கம் என்பதற்கு என்னிடம் பெரிய மரியாதை இல்லை.

உள்ளபடி ஜமாக்காரர்கள் பயப்படுவது வேறு. உடுப்பு மாற்றுகிற இடம் கோயில் சுவருக்குப் பின்னால் ஒரு தார்பாய், கழிப்பறை கிடையாது, விடியற்காலை மூன்று மணிக்கு வேன். பெண் வந்தால் இதற்கெல்லாம் பொறுப்பு வரும். பொறுப்பு வரட்டும், கமிட்டியிடம் ஓர் அறையும் கழிப்பறையும் கேட்டு வாங்குங்கள், ஆண் நடிகர்களுக்கும் அது நல்லதுதான். ஜமாவில் ஒரே பெண்ணாகப் போகாதீர்கள், கூடப் படித்தவர்களில் இன்னொருத்தியையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (பறைக் குழு, கடலூர்): இளைஞர்கள் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்கிறோம். பெரியவர்கள் வருமானம் போகிறதே என்கிறார்கள். ஐயா, நீங்கள் யார் பக்கம்?

தம்பி, இதில் வெளியிலிருந்து பக்கம் எடுக்க எனக்கு உரிமை இல்லை. அடிக்க மாட்டோம் என்று நீங்கள் சொல்வதற்குப் பின்னால் எவ்வளவு அவமானம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கணக்கு மட்டும் சொல்கிறேன். மேடையும் கலை விழாவும் வருடம் முழுக்க வராது, தை மாதம் ஒரே நேரத்தில் பத்து அழைப்பு, ஐப்பசி கார்த்திகையில் ஒன்றுமில்லை. மாதா மாதம் வருகிற ஒரு வரவு வேண்டும், பயிற்சி வகுப்புதான் அதற்குத் தோது. ஐடி கம்பெனிப் பிள்ளைகள் முதல் பள்ளிக்கூடம் வரை கற்றுக்கொள்ள ஆள் இருக்கிறது. அதில் பெரியவர்களை ஆசானாக உட்கார வையுங்கள், சம்பளத்தோடு. பழைய அடிகள் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. 2025-இல் பறைக்கு வேலு ஆசானும் தெருக்கூத்துக்குப் புரிசை கண்ணப்ப சம்பந்தனும் பத்மஸ்ரீ வாங்கினார்கள், அந்தச் செய்தி வந்த வாரம் எனக்கே நாலு போன், எங்கே கற்றுக்கொள்ளலாம் என்று.

கேள்வி (ஊர்க் கமிட்டி ஆள்): கூத்துக்கு நடுவே ரெக்கார்டு டான்ஸ் வைத்தால்தான் இளவட்டம் வருகிறது. ஜமாக்காரர் முறைக்கிறார்.

வருகிறார்கள், டான்ஸ் முடிந்ததும் போய்விடுகிறார்கள். நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (சபா செயலாளர், ஒரு மாவட்டத் தலைநகர்): 400 உறுப்பினர் இருந்த சபா இப்போது 60. எல்லோரும் அறுபது தாண்டியவர்கள். என்ன புதுமை செய்யலாம்?

ஐயா, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். கடைசியாக நாற்பது வயதுக்குக் குறைந்த ஒருவரை நிர்வாகக் குழுவில் எப்போது சேர்த்தீர்கள்? இளைஞர் அணி என்று தனியாக வைத்து நாற்காலி போடச் சொல்வதைக் கேட்கவில்லை, நிகழ்ச்சி யார் என்று முடிவு செய்கிற இடத்தில். வருடத்தில் மூன்று நிகழ்ச்சியை முழுக்க அவர்களிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பார்வையாளராக உட்காருங்கள். பிடிக்காத நிகழ்ச்சியாக இருக்கும், எழுந்து போகக் கூடாது. டிக்கெட்டும் போடுங்கள், 500 ரூபாய் வரை அனுமதிக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. இலவசப் பாஸில் முன்வரிசை காலியாகக் கிடக்கிற கொடுமையும் தீரும்.

அப்படிக் கொடுக்க மனம் வரவில்லை என்றால் மூடுவதைப் பற்றியும் யோசிக்கலாம், அது பாவமில்லை. கலைக்கும்போது சொத்து எங்கே போக வேண்டும் என்று பைலாவில் எழுதியிருக்கும், எடுத்துப் படியுங்கள். ஆர்மோனியம், மைக் செட், பழைய ஒலிநாடாக்கள் இவற்றை வாங்கிக்கொள்ள ஓர் இசைப் பள்ளியோ மன்றமோ உள்ளூரில் இருக்கும். ஒலிநாடாவை மட்டும் கொடுக்கும் முன் கணினியில் ஏற்றிவிடுங்கள், பூசணம் பிடித்திருந்தால் ஓட்டிப் பார்க்காமல் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி (வந்தவாசிக்காரரே மறுபடியும்): அண்ணா, ஆறரைக்குத் தொடங்கினால் வயல் வேலைக்குப் போன ஜனங்கள் எப்படி வருவார்கள்?

சரியான கேள்வி, நான் அதை யோசிக்கவில்லை. ஏழரை வரைக்கும் களரி கட்டி மிருதங்கம் மட்டும் வாசித்துக்கொண்டிருங்கள், அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த அப்புறம் கட்டியங்காரனை விடுங்கள்.