ஜிப்பைப் பிரித்துப் பார்த்தீர்களா?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் நிறையும் குளங்களின் கரை, மடை, மறுகால் எல்லாவற்றையும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து வைத்திருக்கிறேன். குளத்தின் பரப்பை ஏக்கரில் சொல்லும் பிளகின் (மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்) ஒன்றை நண்பர் எழுதி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டிருக்கிறார். அதை ஜிப்பாக இறக்கி நிறுவினால் பிழைச் செய்தி வருகிறது. மென்பொருளை இரண்டு முறை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டும் பயனில்லை. என்ன செய்ய?

பதில்: இன்னொரு முறை நீக்கிப் போட வேண்டாம். நாம் சேர்க்கும் பிளகின்கள் மென்பொருளுக்குள் உட்காருவதில்லை; உங்கள் பயனர் புரொஃபைல் கோப்புறையில் இருக்கின்றன. மென்பொருளை நீக்கினாலும் அந்தக் கோப்புறை அப்படியே கிடக்கும். பழைய கோளாறு விடாமல் வந்து நிற்பது அதனால்தான். செட்டிங்ஸ் மெனுவில் யூசர் புரொஃபைல்ஸ் வழியாக அந்தக் கோப்புறையைத் திறந்து, உள்ளே பைத்தான், அதற்குள் பிளகின்ஸ் என்று போனால், அரைகுறையாக ஏறிய நண்பரின் பிளகின் அங்கே இருக்கும். அதை அழித்துவிடுங்கள். அதே மெனுவில் சோதனைக்கென்று புதிய புரொஃபைல் ஒன்று உண்டாக்கிக்கொண்டால் இன்னும் நல்லது. உங்கள் வழக்கமான அமைப்புகளுக்கு எதுவும் ஆகாது.

சரி, இப்போது ஜிப்பைப் பிரித்துப் பாருங்கள். மேலே ஒரே ஒரு கோப்புறை. அதைத் திறந்தவுடனே மெட்டாடேட்டா என்ற உரைக் கோப்பும், இனிட் என்ற பைத்தான் நிரல்மொழிக் கோப்பும் கண்ணில் பட வேண்டும். கோப்புறைக்குள் கோப்புறையாக இருந்தால் கியூஜிஐஎஸ்-க்கு வழி தெரியாது. கிட்ஹப் ஜிப்பில் இன்னொரு தொல்லை: கோப்புறைப் பெயரின் வாலில் ‘மெயின்’ என்று ஒட்டிக்கொண்டு வரும். நண்பரின் நிரல் தன் சொந்தப் பெயரைச் சொல்லித் தன் கோப்புகளைத் தேடுவதாக இருந்தால், அந்த வாலோடு தேடல் தோற்றுவிடும். வாலை நறுக்கிவிட்டு, அந்தக் கோப்புறையை மட்டும் மறுபடி ஜிப் செய்து நிறுவுங்கள்.

அப்படியும் சிவப்பாகப் பிழைச் செய்தி வந்தால், செய்தியின் கடைசி வரியைப் படியுங்கள். மேலே உள்ள நீளமான புலம்பல் நண்பருக்கு. கடைசி வரி உங்களுக்கு. ரிசோர்சஸ் என்ற மாடியூல் இல்லை என்றால் தவறு உங்களுடையது அல்ல. ஐகான்களைக் கட்டித் தரும் அந்தப் பைத்தான் கோப்பை நண்பர் தன் கணினியில் உருவாக்கியிருப்பார், கிட்ஹப்பில் ஏற்ற மறந்திருப்பார். வேறு ஏதாவது பைத்தான் நூலகத்தின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) பெயர் வந்தால், விண்டோஸில் கியூஜிஐஎஸ்-உடன் வரும் ஓஎஸ்ஜியோ4டபிள்யூ ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பிப் கட்டளையால் நிறுவ வேண்டும். கணினியில் தனியாக இருக்கும் பைத்தானில் போட்டால் கியூஜிஐஎஸ் பொதுவாக அதை எட்டிப் பார்ப்பதில்லை. இந்த வித்தியாசம் புரியாமல் ஒரு ராத்திரியை நான் தொலைத்திருக்கிறேன்.

பதிப்பு பொருந்தவில்லை என்று வந்தால் மெட்டாடேட்டாவில் எண்ணை மட்டும் திருத்தி ஏமாற்றப் பார்க்காதீர்கள். 2018-இல் வந்த 3-ஆம் பதிப்போடு பைத்தான் 2 போய் 3 வந்தது. அதற்கு முந்தைய நிரலைத் திருத்தி எழுதித்தான் ஆக வேண்டும்.

பிளகின் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் குளத்தின் பரப்பு 0.00004 என்று வந்தால் பதற வேண்டாம். உங்கள் அடுக்கு (குளங்களை வரைந்த லேயர்) பாகைக் கணக்கில் இருக்கிறது, விடை சதுரப் பாகையில் வந்திருக்கிறது. நம் ஊர் அட்சரேகையில் அது ஏறக்குறைய 50 ஹெக்டேர், அதாவது 120 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். அடுக்கை, மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையின் 43 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிச் சேமித்து (மென்பொருளில் அதைத் தேட உதவும் இபிஎஸ்ஜி குறியீட்டு எண் 32643), அப்புறம் பிளகினை ஓட்டுங்கள். சேரன்மகாதேவிக்கு இது சரியாக இருக்கும். பின்னால் கீழே ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் குளங்களையும் சேர்க்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: 43-ஆம் மண்டலம் முடிந்து 44 தொடங்கும் 78 பாகை தீர்க்கரேகை ஸ்ரீவைகுண்டத்துக்கும் கடலுக்கும் நடுவே போகிறது. தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் 44-ஆம் மண்டலம். ஆற்றுக்காக அடுக்கை இரண்டாக வெட்ட வேண்டாம். அந்தத் தீர்க்கரேகையை ஒட்டியிருக்கும் குளங்களையும் 43-லேயே வைத்துக் கணக்கிடுங்கள். பரப்பில் வரும் பிசகு, நீங்கள் கரையை மவுஸால் வரைந்ததில் வரும் பிசகைவிடச் சின்னதாகத்தான் இருக்கும்.