டர்போவில் ஓடிய பிராசஸருக்கு வாரண்டி மறுக்கலாமா?

கேள்வி: கோர் ஐ9-13900கே பிராசஸரைப் பெட்டியோடு தனியாக வாங்கி, கடையிலேயே மதர்போர்டில் பொருத்தி வாங்கினேன். மூன்று ஆண்டு இரண்டு மாதம் ஆகிறது. சில வாரங்களாக கேம் திறந்தாலே ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று மூடிக்கொள்கிறது. அவ்வப்போது நீலத்திரையும் வருகிறது. “வாரண்டி முடிந்துவிட்டது. முடியாவிட்டாலும் டர்போவில் ஓட்டியிருக்கிறீர்கள், அது ஓவர்கிளாக்” என்கிறார் கடைக்காரர். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) நான் எதையும் தொட்டதே இல்லை. எனக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. அவர் சொல்லும் இரண்டு காரணமும் நிற்காது.

முதலில் காலக்கணக்கு. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் அளவுக்கு மீறிய வோல்டேஜால் நாளடைவில் நிலைகுலைவதை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டு, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. பெட்டியில் விற்றவற்றுக்கு மூன்றாக இருந்தது, வாங்கிய நாளிலிருந்து ஐந்து ஆண்டானது. நீங்கள் கெடுவுக்குள்தான் இருக்கிறீர்கள். பில்லை எடுத்து ‘பாக்ஸ்’ என்றிருக்கிறதா, ‘டிரே’ (பெட்டியில்லாமல் மொத்தமாக வருவது) என்றிருக்கிறதா பாருங்கள். பாக்ஸ் என்றால் கடைக்காரரைத் தாண்டி இன்டெல்லிடமே நேராகக் கோரலாம். டிரே என்றால் விற்றவர் வழியாகத்தான் போக வேண்டும்.

அடுத்தது ஓவர்கிளாக், அதாவது நிர்ணயித்த வேகத்தை மீறி நாமே ஓட்டுவது. டர்போ பூஸ்ட் என்பது தேவைப்படும்போது வேகத்தைத் தானாக ஏற்றும் வசதி, 2008 முதல் இன்டெல் தன் பிராசஸர்களிலேயே வைத்துத் தருவது. உங்கள் மாடலின் விவரக்குறிப்பில் உள்ள 5.8 கிகாஹெர்ட்ஸ் என்பதே டர்போ வேகம்தான். அந்த வேகத்தைச் சொல்லி விற்றுவிட்டு, அந்த வேகத்தில் ஓடியது உங்கள் குற்றம் என்று யாரும் சொல்ல முடியாது.

சிக்கல் வரக்கூடிய இடம் மதர்போர்டு. இந்த மாடலுக்கு இன்டெல் வகுத்த உச்ச டர்போ மின்வரம்பு 253 வாட். அந்தக் காலத்துப் போர்டுகள் பல, 4096 வாட் என்று போட்டு வரம்பையே இல்லாமலாக்கித்தான் ஆலையிலிருந்து வந்தன. எல்லா கோர்களையும் உச்ச வேகத்துக்குத் தள்ளும் ‘மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட்’ என்ற அமைப்பும் சிலவற்றில் தானாகவே இயங்கும். எதிர்த்தரப்பு இதைப் பிடித்துக்கொள்ளலாம். உங்கள் பதில் இரண்டு. ஒன்று, அது போர்டின் ஆலை அமைப்பு, உங்கள் செயல் அல்ல. இரண்டு, விலக்கு விதியைக் காட்டி வாரண்டியை மறுப்பவர்தான், வரம்பு மீறியதையும் அந்த மீறலால்தான் பழுது வந்தது என்பதையும் காட்ட வேண்டும். இன்டெல்லே சொன்ன நான்கு காரணங்களில் போர்டின் மின் அமைப்பு ஒன்றுதான். மற்ற மூன்றும் மைக்ரோகோடு, அதாவது பிராசஸரின் உள் நிரல் சார்ந்தவை. இது உங்கள் பக்கம் மிக வலுவான வாதம், கடிதத்தில் கட்டாயம் எழுதுங்கள்.

ஆதாரத்தை இன்றே திரட்டுங்கள். பயாஸை அப்டேட் செய்தாலோ, அதன் அமைப்புகள் சேமிக்கப்படும் சிமாஸை அழித்தாலோ பழைய அமைப்பு போய்விடும். பிறகு ‘தொடவில்லை’ என்பதற்குச் சான்றே இருக்காது. ஆகவே முதலில் பயாஸ் பதிப்பு எண், தேதி, பிஎல்1, பிஎல்2 (நீடித்த, உச்ச மின்வரம்புகள்), ஐசிசிமேக்ஸ் (உச்ச மின்னோட்ட வரம்பு), கோர் மடங்கு (வேகத்தைத் தீர்மானிக்கும் எண்), வோல்டேஜ் உள்ள ஒவ்வொரு திரையையும் படமெடுங்கள். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் ‘வீயா-லாகர்’ (வன்பொருள் பிழை) பதிவுகள் இருந்தால் கோப்பாகச் சேமியுங்கள். பெட்டி லேபிளையும் பிராசஸர் மூடியில் பொறித்த எண்ணையும் படமெடுங்கள். மூடிமேல் தடவிய வெப்பப் பேஸ்ட்டை மென்துணியால் துடைத்தால் எழுத்து தெளிவாகத் தெரியும். இதெல்லாம் முடிந்த பிறகு பயாஸை அப்டேட் செய்யுங்கள். கெட்ட பிராசஸர் அதனால் சரியாகாது, ஆனால் ‘தெரிந்தும் அப்படியே ஓட்டினார்’ என்ற பழி வராது.

கோரிக்கைப் படிவத்தில் ‘ஓவர்கிளாக் செய்தீர்களா’ என்று கேட்டால் பொய்யும் வேண்டாம், பயந்து ‘ஆம்’ என்றும் எழுத வேண்டாம். “ஆலை டர்போ பூஸ்ட் மட்டும். போர்டு வந்த அமைப்பிலேயே இருந்தது. மடங்கும் வோல்டேஜும் மாற்றப்படவில்லை” என்று உள்ளதை எழுதுங்கள். கடைக்காரரிடம் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் நாளை ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்பார். 15 நாள் கெடு வைத்து மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் அந்தக் கடிதமே நுகர்வோர் வழக்கின் முதல் ஆவணம். வழக்குக்கும் காலவரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பிரிசிஷன் பூஸ்ட், டர்போ போன்ற ஆலை வசதி. ‘பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ்’ வேறு, ஆலை வரம்பைத் தாண்டி ஓட்டுவது. அதை இயக்கும்போது வரும் எச்சரிக்கைத் திரையில் ‘ஏற்கிறேன்’ அழுத்துவது உங்கள் சம்மதம், அங்கே ‘நான் தொடவில்லை’ என்ற வாதம் எடுபடாது. ஆனாலும் எல்லாம் போய்விடாது. ஏஎம்டியின் திரெட்ரிப்பர் 7000 பிராசஸர் வரிசையில் ஓவர்கிளாக் செய்தால் எரியும் உள்ஃபியூஸ் பற்றிக் கேள்வி எழுந்தபோது, ஃபியூஸ் எரிவதால் மட்டும் வாரண்டி போகாது, ஓவர்கிளாக்கால் வந்த சேதத்துக்குத்தான் விலக்கு என்று ஏஎம்டி விளக்கியது.

மாற்றுப் பிராசஸர் வந்தால், அதைப் பொருத்தும் முன் போர்டில் புதிய பயாஸ் ஏறியிருக்க வேண்டும். பழைய பிராசஸரை வைத்தே ஏற்றலாம். பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ் பொத்தான் இருந்தால் பிராசஸர் இல்லாமலும் முடியும். பிறகு ‘இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்’ தேர்ந்தெடுத்து, பிஎல்2 253 வாட்டிலும், பெர்ஃபார்மன்ஸ் நிலையில் ஐசிசிமேக்ஸ் 307 ஆம்பியரிலும் நிற்கிறதா பாருங்கள். டர்போவை அணைக்க வேண்டியதில்லை. அந்தத் திரையையும் தேதியோடு படமெடுத்து பில்லுடன் வையுங்கள்.