பல்சக்கரத்தில் உரியும் கருப்புப் பூச்சு

ஐயா, வணக்கம்.

திருவொற்றியூரில் மணல் சலிக்கும் உருளை எந்திரம் ஓட்டுகிறோம். திறந்த எஃகுப் பல்சக்கரம், அதை ஓட்டும் சின்னச் சக்கரமான பினியன் நிமிடத்துக்கு 30 சுற்று. கிரீஸ் போட்டால் மணல் ஒட்டிப் பல் தேய்கிறது. அதனால் மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு மாலிப்டினம் டைசல்பைடு என்ற கருப்பு உலர் மசகுப் பூச்சை ஸ்பிரே அடித்தோம். பத்தே நாளில் உரிந்து, அடியில் துரு தெரிகிறது. சரக்கு மட்டமா?

செல்வம்

அன்புள்ள செல்வம்,

முதலில் மண்ணெண்ணெயைச் சந்தேகப்படுங்கள். காய்ந்த பிறகும் அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும்; அதன்மேல் எந்தப் பூச்சும் பிடிக்காது. துருவுக்குக் காரணம் கடற்காற்று. இந்தப் பூச்சு வழுக்கும், ஆனால் துருவைத் தானாகத் தடுக்காது.

கிரீஸை விட்டது நல்ல முடிவு. மெதுவாகச் சுற்றிச் சுமை தாங்கும் பல்லுக்கு உலர் பூச்சு பொருந்தும். வேகமாக ஓடும் கியருக்கு எண்ணெய்தான் வேண்டும், சூட்டையும் அதுதான் எடுத்துப்போகும்.

பல்லில் படிந்த உப்பை நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். பிறகு அசிட்டோனில் துடையுங்கள். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாகப் பரவ வேண்டும். அதுவரை துடைப்பதை நிறுத்தாதீர்கள். அடுத்து 180 அல்லது 220 மெஷ் (பொடியின் நுண்மை) அலுமினா பொடியைக் காற்றழுத்தத்தில் பல்மேல் அடித்துச் சொரசொரப்பாக்கும் பிளாஸ்டிங். கம்ப்ரஸர் காற்றில் தண்ணீர் வந்தால் அங்கேயே துரு தொடங்கும், அந்த ஈரத்தைப் பிரித்தெடுக்கும் மாய்ஸ்சர் டிராப் அவசியம். உங்கள் ஊருக்கு அதோடு நிற்காமல் இரும்பின்மேல் ரசாயனப் படலம் வளர்க்கும் மாங்கனீஸ் பாஸ்பேட்டிங்கும் செய்யச் சொல்வேன். அந்தச் சொரசொரப்பான படிகப் படலம் பூச்சைப் பிடித்துவைக்கும், துருவையும் தள்ளிப்போடும்.

டப்பாவை நன்றாகக் குலுக்குங்கள், மாலிப்டினம் பொடி அடியில் தங்கிவிடும். மெல்லிய அடுக்குகளாக மொத்தம் 10 மைக்ரான் போதும். இரண்டு சக்கரத்திலும் அடித்தால் பல் இடைவெளி (பேக்லாஷ்) சுமார் 40 மைக்ரான் குறையும். பேக்லாஷை முன்பே அளந்துகொள்ளுங்கள். பூச்சு ஓவனில் வைத்து இறுக்கும் ரகமாக இருந்தால், பல் கேஸ் ஹார்டன் (மேல்தோலை மட்டும் கடினமாக்குவது) செய்ததா என்று கேளுங்கள். அப்படியென்றால் 200 டிகிரி சூடு கடினத்தைக் குறைக்கலாம். 150 டிகிரியில் இறுகும் ரகத்தை வாங்குங்கள். கிராஃபைட் கலந்தது வேண்டாம். உப்பு ஈரத்தில் அது இரும்பின் அரிப்பைத் தூண்டும்.

இவ்வளவு செய்தாலும் மணல் துகள் பல்லுக்கு நடுவே நேராக விழுந்தால் 10 மைக்ரான் பூச்சு கிழியும். தகட்டில் மூடி ஒன்று அடித்துப் போட்டுவிடுங்கள், இதைத் தவறவிடாதீர்கள்.

முதல் அரை மணி நேரம் சுமையில்லாமல் ஓட்டுங்கள். உதிரும் கருப்புத் தூளை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். நாளடைவில் சுமை தாங்கும் பக்கத்தில் வெள்ளையாக இரும்பு மின்னினால், மேலேயே ஸ்பிரே அடிக்க வேண்டாம். பழையதை முழுக்கப் பிளாஸ்டிங்கில் எடுத்துவிட்டு மறுபடி பூசுங்கள்.