சோதனை மருந்து, பிறகு ஸ்டெம் செல் மாற்று: கூட இருப்பவர் செய்ய வேண்டியது என்ன?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. கீமோவில் அடங்கிய ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது. ஆய்வில் இருக்கும் புது மருந்து ஒன்றைக் கொடுத்து நோயை அடக்கிவிட்டு, அவருடைய தங்கையின் ஸ்டெம் செல்லை, அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களைச் செலுத்தி மாற்று சிகிச்சை செய்யலாம் என்கிறார் டாக்டர். கையெழுத்துப் போட்டபின் நடுவில் விலக முடியுமா? இதற்கிடையே ஒருவர் தினமும் போன் செய்து, பணம் கட்டினால் ஸ்டெம் செல் ஊசியிலேயே குணமாக்கிவிடலாம், மாற்று சிகிச்சையே வேண்டாம் என்கிறார். கூட இருக்கப்போவது நான் மட்டும்தான். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்த போன்காரரின் எண்ணைத் தடை செய்யுங்கள். பிறகு மற்றதைப் பேசுவோம்.

உங்கள் கணவருக்கு ஸ்டெம் செல் பலன் தருவதற்குக் காரணம் இரண்டு. கடுமையான கீமோவால் பழைய எலும்பு மஜ்ஜையைக் காலி செய்கிறார்கள். அந்த இடத்தில் தங்கையின் அணுக்கள் வேரூன்றி, மிச்சமிருக்கும் புற்றணுக்களையும் வேட்டையாடுகின்றன. மஜ்ஜையைக் காலி செய்யாமல், பொருத்தம் பார்க்காமல், கிருமி புகாத அறை இல்லாமல் ஒரு மதியத்தில் போட்டு அனுப்பும் ஊசி ரத்தப் புற்றுநோயை எதுவும் செய்யாது. பணமும் போகும், அதைவிடக் கொடுமை, நோய் அடங்கியிருக்கும் சில வாரங்கள் வீணாகும்.

“எங்கள் சிகிச்சை அரசுப் பதிவேட்டிலேயே இருக்கிறது” என்று எண் காட்டுவார்கள். ஆய்வுப் பதிவேடு என்பது இப்படி ஓர் ஆய்வு நடக்கிறது என்று சொல்லும் பட்டியல் மட்டுமே. பதிவாகியிருப்பதால் அந்தச் சிகிச்சை பலன் தரும், பாதுகாப்பானது என்று யாரும் சான்று கொடுத்ததாக ஆகாது. இந்தத் தரகர்கள் பதிவேடுகளையே விளம்பரப் பலகையாக்கியும், தடுக்க வேண்டியவர்கள் கண்டுகொள்ளாமல் இருக்கிறார்களே, அதுதான் ஆத்திரமாக வருகிறது. எண்ணைவிட, ஆய்வை நடத்தலாமா என்று முடிவு செய்யும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தைக் கேளுங்கள். ஆய்வு மருந்துக்கே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். படுக்கை, ரத்தம், வழக்கமான மருந்துகள் ஆகியவற்றின் செலவு உங்கள் தலையில் விழலாம். எது யார் பொறுப்பு என்பதையும், மருந்தால் தீங்கு நேர்ந்தால் அந்தச் சிகிச்சைக்கு யார் செலவு செய்வார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

“பொருத்தமான தானம் தருபவரைப் பிடித்துத் தருகிறேன்” என்று வருகிறவர்களும் உண்டு. உடன்பிறந்த ஒருவர் திசு வகையில் முழுமையாகப் பொருந்த 25 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. தங்கை பொருந்தாவிட்டாலும் பாதிப் பொருத்தத்தோடு செய்யும் முறை இப்போது உண்டு. அதுவும் இல்லையென்றால், 4 கோடிக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களைக் கொண்ட உலகளாவிய பதிவேடுகளில் மருத்துவமனையே தேடும். இடையில் ஆளுக்கு வேலையே இல்லை.

இப்போது விலகும் விஷயம். உங்களுக்குச் சொல்வதில் பரிசோதனை என்பது புது மருந்துதான். மாற்று சிகிச்சை பல பத்தாண்டுகளாகச் செய்யப்படுகிறது. அதற்கு வழி திறந்த டாக்டர் டொனால் தாமஸ் 1990-இல் நோபல் பரிசே பெற்றார். இரண்டுக்கும் தனித்தனி ஒப்புதல் படிவம் இருக்க வேண்டும். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. காலையில் கத்தைக் காகிதத்தைக் கொடுத்து மதியத்துக்குள் கையெழுத்து கேட்பதைச் சில இடங்களில் வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். மறுத்துவிடுங்கள். உங்கள் மொழியில் விளக்கச் சொல்லுங்கள்.

ஆய்விலிருந்து எந்த நாளும், காரணம் சொல்லாமலே விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஆனால் ஓர் இடத்தில் இந்த வாக்கியம் ஆளைக் கொல்லும். தங்கையின் அணுக்களைச் செலுத்தும் நாளைப் பூஜ்யமாக வைத்து, அதற்கு முன்னால் உள்ள நாட்களை மைனஸ் ஏழு, மைனஸ் ஆறு என்று எண்ணுவார்கள். அந்த நாட்களில் கொடுப்பதுதான் மஜ்ஜையைக் காலி செய்யும் கீமோ. அது முழு அளவில் உள்ளே போனபின் அவருடைய மஜ்ஜை தானாக மீளும் என்று நம்ப முடியாது. அப்போது “வேண்டாம், வீட்டுக்குப் போகிறோம்” என்றால் வெள்ளை அணுக்களும் பிளேட்லெட்டும் இல்லாமல், தொற்றோ ரத்தப்போக்கோ அவரைக் கொண்டுபோய்விடும். ஆகவே மாற்று சிகிச்சையிலிருந்து பின்வாங்க நினைத்தால் அந்தக் கீமோவின் முதல் பாட்டில் ஏறுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு ஆய்வுக்குத் தகவல் தருவதை நிறுத்தலாம், கூடுதல் பரிசோதனைகளை மறுக்கலாம். அணுக்களை மட்டும் மறுக்கக் கூடாது.

இதே கத்தி தங்கையின் கையிலும் இருக்கிறது. அவருக்கு நான்கைந்து நாள் ஊசி போட்டு, கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, அணுக்களைப் பிரித்தபின் மீதியை உடலுக்கே திருப்பி அனுப்புவார்கள். பெரும்பாலும் எலும்புவலி, தலைவலி வந்து போகும். அவர் கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்கினாலோ, காய்ச்சலில் படுத்துவிட்டாலோ உங்கள் கணவர் நடுவழியில் நிற்பார். ‘கீமோ தொடங்குமுன்பே தங்கையின் அணுக்களை எடுத்து உறைய வைத்துவிடுவீர்களா?’ என்று டாக்டரிடம் கேளுங்கள். தங்கையிடம் குடும்பத்தார் யாரும் இல்லாத இடத்தில், உங்கள் கணவரைப் பார்க்காத வேறொரு டாக்டர் பேசட்டும். எல்லோர் முன்னிலையிலும் சொல்லும் சம்மதத்தை நம்பி இதில் இறங்கக் கூடாது.

இன்னொன்று, பாசத்தில் நடக்கும் தவறு. அண்ணன், தம்பி, தங்கை எல்லோரும் அவருக்கு ரத்தம் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். மாற்று சிகிச்சைக்கு முன் ரத்த உறவுகளின் ரத்தம் அவருக்கு ஏறக் கூடாது. ஏறினால், பின்னால் வரும் தங்கையின் அணுக்களை விரட்ட அவர் உடல் முன்கூட்டியே பழகிவிடலாம். அவர்கள் மற்றவர்களுக்குக் கொடுக்கட்டும்.

செலுத்திய அணுக்கள் பிடித்துக்கொள்ளப் பொதுவாக 2 முதல் 4 வாரம் ஆகும். நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை தொடர்ந்து மூன்று நாள் 500-க்கு மேல் நின்றால் பிடித்துவிட்டது என்பார்கள். அதுவரை நர்ஸ்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் வேலை டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. முதல் 100 நாள் 24 மணி நேரமும் ஒருவர் கூட இருக்க வேண்டும். நீங்கள் ஒருவர் மட்டும் என்பது நடக்காது. உங்களுக்கே சளி பிடித்தால் விலகி நிற்க வேண்டும், அப்போது யார்? இன்றே இரண்டாமவரை முடிவு செய்து, அவருக்கும் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுங்கள்.

எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின் மாத்திரையில் பலரும் தவறுகிறார்கள். ரத்தத்தில் அதன் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல், கையில் எடுத்துப் போங்கள். ரத்தம் எடுத்தபின் கொடுங்கள். போட்டுவிட்டுப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும், டாக்டர் மாத்திரையைக் குறைப்பார், தங்கையின் அணுக்கள் அவர் உடலையே தாக்கத் தொடங்கலாம். ஜி.வி.எச்.டி. என்பது அதுதான். அதன் அறிகுறிகள்: உள்ளங்கை, உள்ளங்கால், காதில் சிவந்த தடிப்பு; கண்ணில் மஞ்சள்; வயிற்றுப்போக்கு. வயிற்றுப்போக்கை அளவுக் குவளையில் அளந்து எழுதுங்கள். ‘நிறையப் போகிறது’ என்று சொன்னால் போதாது. ஒரு நாளைக்கு 500 மில்லியை நெருங்கினாலே அன்றே தெரிவிக்க வேண்டும். கிரேப்ஃப்ரூட், மூலிகைப் பொடி, யாரோ கொடுத்த சத்து மாத்திரை எதுவும் வேண்டாம்.

அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு அட்டை இருக்கட்டும்: மாற்று சிகிச்சை பெற்றவர், கதிர்வீச்சுச் செலுத்திய ரத்தம் மட்டுமே ஏற்ற வேண்டும், அவருடைய பழைய ரத்த வகை, தங்கையின் ரத்த வகை. இரண்டும் வேறாக இருந்தால் அவருடைய வகை மெல்ல மாறிவிடும். அவசரப் பிரிவில் இது தெரியாமல் குழம்புவார்கள்.

காய்ச்சல்தான் எல்லாவற்றிலும் அவசரம். 100.4 டிகிரி, அதாவது 38 செல்சியஸ், ஒருமுறை காட்டினாலே கிளம்புங்கள். ‘விடியட்டும்’ என்று காத்திருக்கக் கூடாது. முதலில் பாராசிட்டமால் கொடுத்து எண்ணை இறக்காதீர்கள்; உள்ளே தொற்று அப்படியே இருக்கும். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சலே வராமலும் போகலாம், நடுக்கமும் தளர்ச்சியும் போதும். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். அவசரப் பிரிவில் சீட்டு எழுத வரிசையில் நிற்கச் சொல்வார்கள். நிற்காதீர்கள். “மாற்று சிகிச்சை செய்தவர், எதிர்ப்புச் சக்தி இல்லை, காய்ச்சல்” என்று உரக்கச் சொல்லி, இருமுகிறவர்கள் உட்காரும் கூடத்திலிருந்து அவரைத் தனியே அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் இரவு அழைக்க ஒரு எண் போட்டிருப்பார்கள். கிளம்புவதற்கு முந்தின இரவே அதை ஒருமுறை அழைத்துப் பாருங்கள். யாரும் எடுக்கவில்லையென்றால், எடுக்கிற எண்ணை எழுதி வாங்கும்வரை அறையைக் காலி செய்யாதீர்கள்.