ஐரோப்பாவில் சம்பளத்தோடு பி.எச்டி.: எங்கே தேடுவது?

கேள்வி: எம்.எஸ்சி. முடிக்கப் போகிறேன். ஐரோப்பாவில் முழு நிதியுதவியோடு பி.எச்டி. செய்ய ஆசை. பல்கலைக்கழகங்களின் அட்மிஷன் பக்கங்களை அலசியும் உதவித்தொகை விவரம் கிடைக்கவில்லை. பேராசிரியர்களும் பதில் எழுதுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் தேடும் பக்கத்தை மாற்றுங்கள். நெதர்லாந்து, ஸ்வீடன், நார்வே, டென்மார்க் நாடுகளில் பி.எச்டி. பெரும்பாலும் சம்பள வேலை. ஆகவே அறிவிப்பு அட்மிஷன் பக்கத்தில் வராது, வேலைவாய்ப்புப் பக்கத்தில்தான் வரும். ஐரோப்பிய ஆணையத்தின் யூராக்ஸெஸ் தளத்தில் 'ஆர்1' (முனைவர் பட்டம் பெறும் முன்புள்ள ஆய்வாளர்) நிலையைத் தேர்ந்தெடுத்துத் தேடினால் பல நாட்டு இடங்கள் ஒன்றாகக் கிடைக்கும். நெதர்லாந்துக்கு அகாடமிக் டிரான்ஸ்ஃபர் தளம், நார்வேக்கு ஜாப்நோர்கே தளம். ஜெர்மனியில் இதே இடங்கள் 'ரிசர்ச் அசோசியேட்' என்ற பெயரிலும் வருவதால், பி.எச்டி. என்று மட்டும் தேடினால் பல தப்பிவிடும்.

விளம்பரத்தில் சம்பள வரியைக் கூர்ந்து படியுங்கள். ஜெர்மனி விளம்பரத்தில் 'டி.வி.எல். இ13, 65%' (மாநில அரசுப் பணிச் சம்பள அட்டவணையின் 13-ஆம் நிலை) என்றால் அந்த நிலையின் முழுச் சம்பளத்தில் 65 சதவீதம். நெதர்லாந்தில் பி.எச்டி. வழக்கமாக 4 ஆண்டுகள். முதல் ஒப்பந்தம் 12 முதல் 18 மாதம், மதிப்பீட்டுக்குப் பிறகே நீட்டிப்பு. நார்வேயில் 3 ஆண்டுகள், 25 சதவீதம் கற்பித்தல் போன்ற பணி சேர்ந்தால் 4. வேலை ஒப்பந்தமா, ஸ்டைபெண்டா (உதவித்தொகையா) என்று கட்டாயம் கேளுங்கள். ஸ்டைபெண்டில் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்களிப்பும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

பேராசிரியருக்கு எழுதுவதில் ஒரு வேறுபாடு உண்டு. விளம்பரம் வந்த இடத்துக்கு இணையவழி விண்ணப்பம்தான் கணக்கு. மின்னஞ்சலில் அனுப்பும் சி.வி. தேர்வுக்குழுவுக்கே போகாமல் நின்றுவிடலாம். மின்னஞ்சலில் பேராசிரியரிடம் ஆய்வு குறித்த சந்தேகத்தை மட்டும் கேளுங்கள். விளம்பரம் இல்லாதபோது எழுதினால் 200 சொற்களுக்குள் முடியுங்கள்: அவருடைய எந்தக் கட்டுரை, அதில் எந்தக் கேள்வி, உங்கள் ஆய்வேட்டில் அதற்கு நெருக்கமாக என்ன செய்தீர்கள். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் படித்த முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பதில் வராததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி க்யூரி பி.எச்டி. இடங்களுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். ஜெர்மனியில் இரண்டு ஆண்டு மாஸ்டர்ஸ் முடிக்கும் நிலையில் உள்ள எனக்குத் தகுதி உண்டா?

பதில்: ஜெர்மனியில் உள்ள இடத்துக்கு இப்போது இல்லை. பணியில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், அந்த நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ படித்திருக்கவோ கூடாது. குடியுரிமை தடையில்லை, வசித்த இடம்தான் தடை. மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் விதி தளராது. ஆனால் இந்த இடங்களைத் தரும் முனைவர் வலையமைப்பு (டாக்டோரல் நெட்வொர்க்) ஒவ்வொன்றிலும் பல நாட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. அதே வலையமைப்பில் பெல்ஜியத்திலோ ஸ்பெயினிலோ உள்ள இடத்துக்கு, அங்கே வசிக்காதவர் என்றால், தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே முனைவர் பட்டம் பெற்றவருக்கு மட்டும் இந்த வழி கிடையாது.

கேள்வி: மாஸ்டர்ஸ் சான்றிதழ் கைக்கு வரும் முன்பே விண்ணப்பிக்கலாமா?

பதில்: பல இடங்களில் முடியும், சேரும் நாளுக்குள் பட்டம் முடிந்தால் போதும். இதுவரையிலான மதிப்பெண் பட்டியலையும், எந்த மாதம் முடியும் என்று துறை தரும் கடிதத்தையும் இணையுங்கள். பரிந்துரை தருபவர்களிடம் கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். சில தளங்கள் நீங்கள் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகுதான் அவர்களுக்கு இணைப்பை அனுப்பும். அவர்களுக்கான கெடுவும் அதே நாளாக இருக்கலாம்.